மங்கிப்போன ஹெட்லைட்டை வீட்டிலேயே தெளிய வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரெபாங்க், டொங்காட் என்று நம்மவர்கள் இருக்கும் தெருக்களில் காலை நேரத்தில் நடந்து பாருங்கள். பத்து வயதைத் தாண்டிய கார்களில் பாதிக்கு மேல் பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கும். ஹெட்லைட் மட்டும் புரை விழுந்த கண் போல மஞ்சளித்து மங்கியிருக்கும். கோயில் வாசலிலும் கல்யாண வீட்டு வண்டி நிறுத்தத்திலும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தேய்த்துப் பளபளப்பாக்குவது எல்லாருக்கும் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு போட வேண்டிய பூச்சைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால் அந்தப் பகுதியை விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஹெட்லைட் ஏன் மங்குகிறது? அழுக்கா, வயதா?

இரண்டும் இல்லை, வெயில். பழைய வண்டிகளில் ஹெட்லைட் கண்ணாடியால் ஆனது. எத்தனை வருஷம் ஆனாலும் மஞ்சளாகாது. 1980களிலிருந்து கார் கம்பெனிகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறத் தொடங்கின. எடை குறைவு, கல் பட்டால் உடையாது, எந்த வளைவிலும் வார்க்கலாம். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. மேற்பரப்பு மிருதுவானது, சீக்கிரம் கீறல் விழும். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் மூலக்கூறுகள் உடைந்து மஞ்சள் நிறச் சேர்மங்களாக மாறும்.

இது தெரிந்துதான் கம்பெனியிலேயே லென்ஸின் மேல், அதாவது ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முன்மூடியின் மேல், மெல்லிய, கடினமான ஒரு காப்புப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். சில வருஷ வெயிலில் அது வெடித்து, உரிந்து, நுண்ணிய குழிகளாகிறது. நீங்கள் பார்க்கும் மங்கல் பாதி செத்துப்போன அந்தப் பூச்சு, மீதி அதன் கீழே வெந்துபோன பிளாஸ்டிக். வானத்தைப் பார்த்திருக்கும் மேல் பகுதி முதலில் கெடுவதும், பம்பர் ஓரம் கடைசி வரை தெளிவாக இருப்பதும் இதனால்தான்.

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் வேகம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். ஜூலையைவிட அப்போது வெயிலின் வலு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல். நமக்குக் கோடைகாலமும் அதே சமயம்தான். ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் உள்ளவர்களுக்கு உயரமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். டர்பன் கடற்கரை வண்டிகளுக்கு உப்புக் காற்றும் மணலும் மேற்பரப்பை அரிக்கின்றன என்றாலும், மஞ்சளாக்குவது வெயில் ஒன்றுதான்.

ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் அதிகமாக மங்கியிருக்கிறதே?

வண்டி தினமும் நிற்கும் திசையைப் பாருங்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது உடனே பிடிபடாது: இங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுவதும் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். வண்டியைக் கிழக்கு பார்த்து நிறுத்துகிறவர்களுக்கு இடது லென்ஸ் முதலில் போகும். மேற்கு பார்த்து நிறுத்தினால் வலது. மூக்கை நேரே வடக்கே வைத்து நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். கேரேஜ் இல்லாதவர்கள் முடிந்தவரை வண்டியின் பின்பக்கத்தை வடக்கே வைத்து நிறுத்துங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

மங்கல் வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு குவளைத் தண்ணீர் போதும். லென்ஸைக் கழுவித் துடைத்துவிட்டு, அதன் மேல் தண்ணீரை மெதுவாக வழியவிட்டுப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில். தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்புவதால்தான் தற்காலிகமாகத் தெளிகிறது. அது தேய்த்தால் சரியாகும்.

நனைத்தும் மங்கலாகவே இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உள்ளே ஈரம் புகுந்திருக்கும். பின்பக்க ரப்பர் மூடி சரியாக உட்காராமலோ, ஓரத்து ஒட்டுப்பசை விட்டுப்போயோ இருக்கும். முதலில் அதைச் சரிசெய்து உள்ளே காயவிடுங்கள். இரண்டாவது, உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சுள்ள ரிஃப்ளெக்டர் கருகியோ உரிந்தோ போயிருக்கும். அப்படியானால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சம் வராது. வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்கக் கடைக்குப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பற்பசை போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார்களே?

பற்பசையில் மிக நுண்ணிய அரைப்பொருள் இருக்கிறது. லேசான மங்கல் அதற்குக் குறையும். உரியத் தொடங்கிய பூச்சை அது எடுக்காது. புதுப் பாதுகாப்பும் தராது. ஒரு மாதத்துக்குள் பழையபடி ஆகிவிடும். சமையலறைக் கிரீம் கிளீனர்கள் விஷயமும் இதேதான். அவசரத்துக்கு அன்றிரவு ஓட்ட வேண்டும் என்றால் செய்யுங்கள், அதை வேலை முடிந்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

கொசு விரட்டி தடவினால் ஒரே நிமிஷத்தில் தெளிவாகிறது. அது நல்லதுதானே?

நல்லதில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள். டாபர்ட், பீஸ்ஃபுல் ஸ்லீப் போன்ற கொசு விரட்டிகளில் டீட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். நீங்கள் காணும் தெளிவு, லென்ஸின் மேற்பரப்பு கரைந்து வழிந்து குழிகளை மூடியதால் வந்தது. காய்ந்த பிறகு பிசுபிசுப்பாகி, தூசியைப் பிடித்துக்கொண்டு, முன்பைவிட மோசமாகும். வழிந்து பெயிண்டில் பட்டால் அங்கேயும் தழும்பு விழும்.

பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் இன்னும் ஆபத்து. பாலிகார்பனேட்டில் வார்ப்பின்போதே உள்ளிறுக்கம் தங்கியிருக்கும். அசிட்டோன் போன்ற கரைப்பான் பட்டதும் அந்த இடங்களில் சிலந்தி வலை போல நுண்விரிசல்கள் ஓடும். அவை லென்ஸின் கனத்துக்குள்ளேயே இறங்கிவிடுவதால் தேய்த்து எடுக்க முடியாது. அதோடு அந்த ஹெட்லைட் முடிந்தது. பிரேக் ஆயில் தடவுவதையும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயிண்டை அது அப்படியே உரித்துவிடும்.

சின்னக் கோப்பையில் ஆவி பிடிப்பது போல ஒரு முறை காட்டுகிறார்களே?

சூடாக்கிய கோப்பையிலிருந்து வரும் ஆவியை லென்ஸில் காட்டினால் கண்முன்னே கண்ணாடி போலாகும். அந்தத் திரவம் பெரும்பாலும் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன் வகை. வேலை செய்யும் விதம் கொசு விரட்டியுடையதுதான், மேற்பரப்பைக் கரைத்து வழியவிடுவது. புற ஊதாப் பாதுகாப்பு ஒரு துளிகூடக் கிடையாது, பின்னாளில் விரிசல் விடும், மூச்சில் போனால் உடம்புக்கும் கேடு. வீட்டு கேரேஜில் செய்யும் வேலையே இல்லை இது.

சரி, முறையாகச் செய்ய என்னென்ன வாங்க வேண்டும்?

வாட்டர் பேப்பர் 800, 1000, 1500, 2000, 3000 ஒவ்வொன்றிலும் ஓரிரு தாள். எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும். பூச்சு பாளம் பாளமாக உரிந்திருந்தால் 600-ம் ஒன்று. நல்ல மாஸ்கிங் டேப், ஸ்பாஞ்சுக் கட்டை, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பாலிஷ் காம்பவுண்ட், சுத்தமான மைக்ரோஃபைபர் துணி நாலைந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால், கடைசியாகப் புற ஊதாத் தடுப்புப் பூச்சு. ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஆல்கஹாலுக்கு மாற்று ஆகாது. அதில் சாயம் கலந்திருக்கிறது.

மைடாஸ் போன்ற உதிரிபாகக் கடைகளில் எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாகவும் கிடைக்கும். கிட் வாங்கினால் உள்ளே பூச்சு பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறும் தாளும் பாலிஷும் உள்ள கிட் பாதி வேலைக்குத்தான்.

தேய்க்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நிழலில், லென்ஸ் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி மணலையெல்லாம் போக்குங்கள். ஒரு மணல் துகள் தாளுக்கு அடியில் சிக்கினாலும் ஆழமான கோடு விழும். பிறகு லென்ஸைச் சுற்றியுள்ள பெயிண்ட், பம்பர், பானெட் ஓரம் எல்லாவற்றிலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரே அடுக்கு தாளின் ஓரத்தில் கிழிந்துவிடும். பெயிண்டில் விழும் கீறலைச் சரிசெய்ய பேனல் பீட்டரிடம் (கார் பாடி, பெயிண்ட் வேலை செய்பவரிடம்) கொடுக்கும் காசில் புது ஹெட்லைட்டே வாங்கலாம்.

வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவையுங்கள். முதல் தாள் எது என்பதை லென்ஸ்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் மட்டும் இருந்து உரியாமல் இருந்தால் 1000. தொட்டால் சொரசொரவென்றிருந்தால் 800. தோல் உரிவது போலிருந்தால் 600. தாளை ஸ்பாஞ்சுக் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். விரலால் நேரே அழுத்தினால் விரல் படும் இடம் மட்டும் பள்ளமாகி, பின்னால் வெளிச்சத்தில் அலையலையாகத் தெரியும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் மட்டும் கட்டையில்லாமல், லேசான கையால்.

இடமிருந்து வலமாக நேர்கோட்டில் தேய்த்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். முதலில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது வெந்த பூச்சு. தேய்க்கத் தேய்க்க அது வெள்ளையாக மாறும். மஞ்சள் நின்று வெள்ளை மட்டும் வரும்போது நல்ல பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அவசரப்பட்டு அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். துடைத்துக் காயவிட்டு, சாய்வாகப் பாருங்கள். பழைய பூச்சு அங்கங்கே தீவு தீவாக மினுமினுப்பாக நின்றிருக்கும், அதன் கரை ஒரு கோடு போலத் தெரியும். அந்தத் தீவுகள் எல்லாம் போய், லென்ஸ் முழுவதும் ஒரே சீரான மூடுபனி நிறத்துக்கு வர வேண்டும். விட்டுவைத்தால், கடைசிப் பாலிஷில் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும்.

அடுத்த தாளைக் குறுக்காக, மேலிருந்து கீழாகத் தேயுங்கள். அதற்கடுத்தது மறுபடி இடவலம். இப்படித் திசை மாற்றினால் முந்தைய தாளின் கோடுகள் முழுக்கப் போய்விட்டனவா என்பது கண்ணுக்குத் தெரியும். குறுக்குக் கோடு ஒன்று மிச்சம் இருந்தாலும் தாள் மாற்றக் கூடாது. தாள் மாற்றும் ஒவ்வொரு முறையும் லென்ஸையும் கட்டையையும் புதுத் தண்ணீரில் கழுவுங்கள். 3000 முடியும்போது காய்ந்த லென்ஸ் பால் கலந்தது போலவும், நனைத்த லென்ஸ் பளிங்கு போலவும் இருக்கும்.

பயப்பட வேண்டாம், லென்ஸ் சுமார் 3 மில்லிமீட்டர் கனம். நீங்கள் எடுப்பது அதில் மிகச் சொற்பம். ஒரு விளக்குக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

டிரில் மெஷினில் பாலிஷ் பேட் மாட்டிச் செய்யலாமா?

செய்யலாம், கை வலி மிச்சம். வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். காய்ந்துபோன பேடை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் அந்தச் சூடு வந்துவிடும், லென்ஸ் இழுபட்டு வெள்ளையாகும். கையால் தொட்டால் இளஞ்சூடு என்ற அளவைத் தாண்ட விடாதீர்கள்.

பாலிஷ் போட்டதும் புதுசு போல ஆகிவிட்டது. இதற்கு மேல் பூச்சு எதற்கு?

உரிந்துகொண்டிருந்த காப்புப் பூச்சில் மிச்சம் இருந்ததையும் நீங்களே இப்போது தேய்த்து எடுத்துவிட்டீர்கள். இந்த நிமிஷம் அந்த லென்ஸ் தன் வாழ்நாளிலேயே மிகவும் பாதுகாப்பில்லாத நிலையில் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபோது அதன் மேல் காப்பு இருந்தது. நேற்று வரைகூட அங்கங்கே கொஞ்சம் இருந்தது. இன்று எதுவும் இல்லை. டர்பன் கோடையில் இப்படியே வெளியே நிறுத்தினால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பும், அதுவும் முதல் தடவையைவிட வேகமாக. முதல் தடவை காப்பைத் தின்றுவிட்டுத்தான் வெயில் பிளாஸ்டிக்குக்கு வந்தது. இந்தத் தடவை நேரே வரும்.

“வீட்டில் செய்தால் நிற்காது” என்று சொல்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் பூச்சு போட்டிருக்க மாட்டார்கள். தேய்த்த அன்றே பூச்சு போட முடியாது என்று தெரிந்தால், அன்று தேய்க்கவே தொடங்காதீர்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

எந்தப் பூச்சு போடுவது?

வீட்டில் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஹெட்லைட்டுக்கென்றே விற்கும் துடைத்துப் பூசும் வகை. பாட்டிலில் புற ஊதாத் தடுப்பு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். லென்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இருமுறை துடைத்து, பாலிஷின் எண்ணெய் முழுக்கப் போன பிறகு, ஒரே திசையில், ஒரு இழுப்பின் ஓரத்தில் அடுத்த இழுப்பு சற்று ஏறும்படி பூசிவிட்டு விட்டுவிடுங்கள். போன இடத்துக்குத் திரும்பிப் போய்த் தடவினால் பாதி காய்ந்த பூச்சு கோடுகோடாக நிற்கும். நல்ல சரக்கு ஒரு வருஷமாவது நிற்கும். நிழலில் நிற்கும் வண்டிக்கு இன்னும் கூடுதலாக வரும்.

ஸ்ப்ரே கேனில் வரும் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு இன்னும் நாள் தாங்கும், கைப்பழக்கம் வேண்டும். கேனில் பாலிகார்பனேட்டுக்கு அல்லது ஹெட்லைட்டுக்கு ஏற்றது என்று இருக்க வேண்டும். சாதாரண லாக்கரின் கரைப்பான் லென்ஸில் விரிசல் விடச் செய்யலாம். கிளியர் அடிப்பதாக இருந்தால் 1500 அல்லது 2000 தாளோடு நிறுத்திக்கொண்டு, பாலிஷ் போடாதீர்கள். அந்த மெல்லிய கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் கிளியர் நிற்கும், அவற்றை நிரப்பித் தெளிவையும் அதுவே கொடுக்கும்.

பேனல் பீட்டர்கள் அடிக்கும் டூகே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிப்பது, எல்லாவற்றையும்விட உறுதி. அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கிளப்பும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அதன்பின் கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். சாதாரணத் தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆகவே நீங்கள் தேய்த்துத் தயாராக்கிக்கொண்டு போய், ஸ்ப்ரே பூத் உள்ள இடத்தில் கிளியர் மட்டும் அடித்துத் தரச் சொல்லுங்கள். செலவும் குறையும்.

ஒட்டும் ஒளிபுகும் ஃபிலிம் நல்ல தேர்வு. கெட்டால் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம். வளைவு அதிகமுள்ள ஹெட்லைட்டில் ஒட்டப் பொறுமை வேண்டும்.

கார் மெழுகு சில வாரம்தான். இரண்டு முறை கார் வாஷுக்குப் போனால் போய்விடும்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

டர்பனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. காற்றில் ஈரம் குறைவு, மழையும் குறைவு. டிசம்பர், ஜனவரியின் புழுக்கத்தில் கிளியர் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெண்மையாகப் பூத்துவிடும். கோடையில்தான் முடியும் என்றால் மழையில்லாத நாளில், காலை பத்து மணிக்கு மேல், நிழலில் செய்யுங்கள்.

டொங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. குளிர்காலம் கரும்பு வெட்டும் காலமும்கூட. தோட்டம் கொளுத்தினால் கருஞ்சாம்பல் காற்றில் பறந்து வந்து எங்கும் இறங்கும், ஈரமான பூச்சில் ஒரு துணுக்கு விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளும். கேரேஜ் கதவைச் சாத்திக்கொண்டு துடைத்துப் பூசும் வகையைப் போடுங்கள். ஸ்ப்ரேக்குக் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்பதால், அதைப் புகை தெரியாத நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் ஈரப் பிரச்சினை இல்லை, காலைக் குளிர்தான் பிரச்சினை. வெயில் ஏறி லென்ஸ் இளஞ்சூடான பிறகு தொடங்குங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, பிரகாசமான எல்இடி பல்பு போட்டால் முடிந்ததே?

மங்கிய லென்ஸ் வெளிச்சத்தைத் தடுப்பது மட்டும் இல்லை, சிதறவும் விடுகிறது. பல்பின் வலுவைக் கூட்டினால் சிதறலும் சேர்ந்து கூடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழும், உங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரைதான் தெரியும். ஹாலஜன் பல்புக்காக வடித்த ரிஃப்ளெக்டரில் எல்இடியை மாட்டினால் ஒளி புறப்படும் புள்ளியே மாறி, வெளிச்சத்தின் வடிவமும் கெடும். அதிக வாட் ஹாலஜனோ சூட்டில் ரிஃப்ளெக்டரையும் வயரையும் கருக்கும். லென்ஸைத் தெளிய வைத்து, வண்டிக்குச் சொல்லப்பட்ட அதே பல்பைப் புதிதாக மாற்றுங்கள். பழைய ஹாலஜன் பல்பு எரிந்துகொண்டே மங்கும் என்பதால் இந்த மாற்றம் தனியாகத் தெரியும்.

ரோட்வொர்தியில் இதற்காக நிறுத்துவார்களா?

வண்டியை விற்கும்போது ரோட்வொர்தி, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ் வேண்டும். அந்தச் சோதனையில் விளக்குகளும் உண்டு. விளக்குகள் சேதமில்லாமலும் சரியாகப் பொருத்தப்பட்டும் எரியக்கூடிய நிலையிலும் இருக்க வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்து விதி. டிம்மில் குறைந்தது 45 மீட்டர், பிரைட்டில் குறைந்தது 100 மீட்டர் தூரத்தில் ஆளோ வண்டியோ தெரிய வேண்டும். சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை மட்டுமல்ல, மழையிலும் மூடுபனியிலும் 150 மீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரியாவிட்டாலும் ஹெட்லைட் போட்டாக வேண்டும்.

சான்றிதழை விடுங்கள். நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 33 மீட்டர். விதி சொல்லும் 45 மீட்டரை ஒன்றரை வினாடிக்குள் கடந்துவிடுவீர்கள். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தோடு இறங்கி வருகிறீர்கள். N3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயிலும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லிலும் மூடுபனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஸுலுலாந்துப் பக்கம் N2 நெடுஞ்சாலையில் போனால் மாடு குறுக்கே வரும். மின்வெட்டு என்றால் ஊருக்குள்ளேயே தெருவிளக்கு கிடையாது. இருட்டு உடுப்பில் சாலையோரம் நடந்து வருகிற ஒருவரை நீங்கள் பார்ப்பதும் பார்க்காததும் அந்தப் பிளாஸ்டிக்கின் தெளிவில் இருக்கிறது.

அப்பாவுக்கு ராத்திரியில் ஓட்டக் கஷ்டமாக இருக்கிறதாம். கண்ணா, விளக்கா?

இரண்டுமாக இருக்கலாம். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதன் மேல் மங்கிய ஹெட்லைட்டும் சேர்ந்தால் இருப்பதிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. பெரியவர்கள் இதை வாய்விட்டுச் சொல்லாமல், ராத்திரிப் பயணத்தையே குறைத்துக்கொள்வார்கள். கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அந்த வாரமே அவருடைய வண்டி விளக்கையும் தேய்த்துக் கொடுங்கள். உங்கள் வண்டிக்கு முன்னால் அவர் வண்டிக்குச் செய்யுங்கள்.

தேய்த்தால் புதுசு அளவுக்கு வெளிச்சம் வருமா? எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

புதுசு அளவுக்கு வராது. அமெரிக்க மோட்டார் சங்கம் 2018-ல் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தது. மங்கிப்போன பழைய ஹெட்லைட் தந்தது, புதியதன் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம். தேய்த்துத் தெளிய வைத்த பிறகு சுமார் 70 சதவீதம். அதாவது மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. சில நூறு ராண்ட் செலவுக்கு இதைவிடப் பெரிய பலன் வண்டியில் வேறெதிலும் கிடைக்காது.

லென்ஸின் கனத்துக்குள் நுண்விரிசல் ஓடியிருந்தாலோ, ரிஃப்ளெக்டர் கருகியிருந்தாலோ, உள்ளே தண்ணீர் தேங்கினாலோ மாற்றுங்கள். கம்பெனி ஹெட்லைட் விலை அதிகம். பைரேட் பாகம் (வேறு கம்பெனி செய்த மாற்றுப் பாகம்) வாங்கினால் லென்ஸில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஸ்கிராப்யார்டிலிருந்து எடுப்பதானால் ரிஃப்ளெக்டர் பளபளப்பாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். வெளி மங்கலை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் தருவிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே டிம் வெளிச்சம் இடது ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் மேலே ஏறும்படி வடித்திருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான ஹெட்லைட்டில் அது வலது பக்கம் ஏறி, எதிரே வருபவர் கண்ணுக்கு நேரே போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், திருகும் சரியாகப் பொருந்தும். ஆர்டர் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெளிய வைத்த பிறகு எதிரே வருபவர்கள் லைட் அடிக்கிறார்கள். ஏன்?

விளக்கு முன்பே மேலே பார்த்தபடி இருந்திருக்கும், மங்கலாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சமதளத்தில் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுமையத்தையும் சுவரில் குறியுங்கள். நேராக 5 மீட்டர் பின்னால் வந்து டிம் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் வெளிச்சத்தின் மேல்கோடு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் இறங்கியிருக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு, குறியிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே. ஹெட்லைட் மேலேயோ பானெட்டுக்கு அடியிலோ 1.0, 1.2 என்று சதவீதம் அச்சிட்டிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள திருகைத் திருப்பினால் ஏறி இறங்கும். டாஷ்போர்டில் உயரச் சக்கரம் இருந்தால் முதலில் அதைப் பூஜ்யத்தில் வைக்க மறக்காதீர்கள்.

பூச்சு போட்ட பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது? மறுபடி முழுக்கத் தேய்க்க வேண்டுமா?

முதல் இரண்டு நாள் நனையாமல் வைத்திருங்கள். அதன்பின் வண்டி கழுவும்போது மிருதுவான துணி, கார் ஷாம்பு, இவ்வளவுதான். ஒட்டிய பூச்சிகளைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி வைத்தால் தானாக இளகும். பெட்ரோல் பங்கில் கண்ணாடி துடைக்கும் பையன் அதே சொரசொரப்பான ஸ்பாஞ்சை ஹெட்லைட்டுக்கும் கொண்டு போனால், வேண்டாம் தம்பி என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை, குளிர்காலத் தொடக்கத்தில், தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு உயிரோடிருக்கிறது. பரவிப் படிந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. மஞ்சள் இன்னும் தொடங்கியிருக்காது. இந்த நேரத்தில் பிடித்துவிட்டால் 600, 800 எதுவும் தேவையில்லை. 3000 தாளால் லேசாக ஒரு சுற்று, ஆல்கஹாலால் துடைப்பு, மேலே புதுப் பூச்சு. இரண்டு விளக்கும் சேர்த்து அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.